பறவை நின்ற சேற்றில் நானும் இறங்கினேன்

போன செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒருநாள் காலை, தண்ணீர் வற்றிக் கிடந்த நீர்த்தேக்கம் ஒன்றின் சேற்றில் தொடை வரை புதைந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கூட யாரும் இல்லை. எங்கே போகிறேன் என்று வீட்டில்கூடச் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பறவை பார்க்கிறேன். எந்த லென்ஸ் வாங்கலாம், எந்த மாதம் எது வரும், இரண்டு உள்ளான்களுக்கு, அதாவது சேற்றோரம் மேயும் சின்னக் கரைப்பறவைகளுக்கு, என்ன வித்தியாசம் என்று எத்தனையோ பேரிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். காலடி மண்ணைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. இன்னொருவர் அப்படி ஓர் இடத்தில் கால் வைத்துவிடக் கூடாது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்தில் நீர்த்தேக்கத்துக்கு ஏன் போகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கோடை முழுக்கத் தண்ணீர் எடுத்தபின் மட்டம் இறங்கிப்போகும். வருடத்தின் பாதிநாள் தண்ணீருக்கடியில் கிடந்த தரை வெளியே வரும். அந்தச் சேற்றில் புழுவும் பூச்சிகளின் இளம்பருவமும் நிறைந்திருக்கும். வடக்கே மரமில்லாத குளிர்ச் சமவெளியான துந்திரப் பகுதியில் குஞ்சு பொரித்து முடித்த கரைப்பறவைகள் தெற்கே வலசை போகும் நேரமும் அதுதான். பல இனங்களில் வளர்ந்த பறவைகள் முதலில் கிளம்பிவிடும். அந்த வருடம் பிறந்தவை சில வாரம் கழித்து, வழிகாட்ட யாரும் இல்லாமல், தாமாகவே வரும். வசந்தத்தில் கூடு கட்டும் அவசரத்தில் பறந்துபோகும் பறவைகள் இந்தப் பருவத்தில் நாள்கணக்கில் தங்கி மேய்ந்து கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். எனக்கு வருடத்தில் பிடித்த வாரங்கள் இவைதான்.

முதல் தப்பு முந்தின இரவே நடந்துவிட்டது. "காலையில் பறவை பார்க்கப் போறேன், மதியத்துக்குள்ள வந்துடுவேன்" என்று அக்காவிடம் சொன்னேன். எந்த நீர்த்தேக்கம், எந்தக் கரை, எத்தனை மணிக்கு வராவிட்டால் தேட வேண்டும், எதுவும் சொல்லவில்லை. கைபேசியில் சார்ஜ் பாதிக்கும் கீழே இருந்தது. பறவையின் குரலைப் பதிவு செய்கிறேன், வரைபடம் பார்க்கிறேன் என்று விடியற்காலையிலேயே மிச்சத்தையும் கரைத்துவிட்டேன். இப்போதெல்லாம் கிளம்பும்போது அக்காவுக்கு மூன்று விஷயம் அனுப்புகிறேன்: வண்டி நிறுத்தும் இடத்தின் வரைபடப் புள்ளி, எந்தப் பக்கக் கரையில் நடப்பேன், எத்தனை மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வர வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். நேரக்கெடு இல்லாமல் இடம் மட்டும் சொன்னால், எப்போது கவலைப்பட ஆரம்பிப்பது என்று கேட்பவருக்குத் தெரியாது. அன்றைக்கு அக்கா மதியம் இரண்டு மணி வரை நிம்மதியாகத்தான் இருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது மூடுபனி. இலையுதிர் காலக் காலைகளில் தண்ணீர் இன்னும் கோடையின் சூட்டை வைத்திருக்கும், மேலே காற்று குளிர்ந்துவிடும், அதனால் நீர்ப்பரப்பிலிருந்து ஆவி எழும்பும். ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தால் தானாக விலகும். எனக்குப் பொறுமை இல்லை. அதோடு நான் நின்றதும் தப்பான கரை. வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறது என்று மேற்குக் கரையில் நின்றேன், சூரியன் நேராகக் கண்ணில் ஏறியது. பறவைகள் எல்லாம் கறுப்பு உருவங்களாகத் தெரிந்தன. காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை, அதாவது வெயில் எப்போதும் முதுகில் விழ வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. சுற்றிப்போக அரை மணி நேரம் ஆகுமே என்ற சோம்பல். அந்த அரை மணி நேரத்தைச் செலவழித்திருந்தால் சேற்றில் இறங்கவே தேவை வந்திருக்காது. இதை நினைக்கும்போது இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

பனி கொஞ்சம் கலைந்தபோது கொசு உள்ளான்கள் நாற்பது ஐம்பது ஓடிக்கொண்டிருந்தன. பச்சைக்காலி இரண்டு. தூரத்தில் ஆழத்தண்ணீரில் வாத்துக்கூட்டம், எல்லாம் ஒரே தவிட்டு நிறம். இந்தப் பருவத்தில் ஆண் வாத்துகளும் பளிச்சென்ற இறகை உதிர்த்துவிட்டுப் பெட்டைபோல இருக்கும் என்பதால் அவற்றோடு மல்லுக்கட்டவில்லை. அப்போதுதான் தண்ணீர் விளிம்பில் தனியாக ஒரு பெரிய கரைப்பறவை. நீண்ட அலகு, நுனி கொஞ்சம் மேல்நோக்கி வளைந்த மாதிரி. பட்டைவால் மூக்கனோ? உள்நாட்டு நீர்நிலையில் அதைப் பார்ப்பது அபூர்வம், அது கடலோரச் சேற்றுவெளிகளின் பறவை. கருவால் மூக்கனாகவும் இருக்கலாம். முதுகில் கோடுகள் இருக்கின்றனவா, முழங்கால் மூட்டுக்கு மேலே கால் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தால் ஓரளவு முடிவு செய்யலாம். பறந்தால் சந்தேகமே இல்லை: கருவாலுக்கு இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை, மற்றதற்கு அது கிடையாது. எதிர்வெயிலில் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் கிட்டே போய்ப் பக்கவாட்டில் நின்றால் போதும் என்று நினைத்தேன்.

கரையோரம் தரை வெடித்துக் காய்ந்திருந்தது. மேலே ஓடு ஓடாக, விரிசலுக்குள் விரல் போகும் அளவுக்கு இடைவெளி. நடந்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது, ஆனால் தாங்கியது. அந்தத் தாங்கல்தான் என்னை ஏமாற்றியது. முப்பது நாற்பது அடி போனதும் விரிசல்கள் மெலிந்து, பிறகு காணாமல் போய், தரை வழவழப்பாகக் கறுத்துவிட்டது. மெல்லிய பளபளப்பு வேறு. விரிசல் இல்லை என்றால் அடியில் ஈரம் இன்னும் வற்றவில்லை என்று அர்த்தம். அந்த எல்லைக்கோடு கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது, பறவையைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை. வலது கால் கணுக்கால் வரை போனது. எடுத்தேன். இன்னும் இரண்டு எட்டு. இடது கால் முழங்கால் வரை ஒரேயடியாக இறங்கியது. அதைப் பிடுங்க வலது காலை ஊன்றினேன், அது அதைவிட ஆழமாகப் போனது. மூன்று முறை அப்படி மாற்றி மாற்றி இழுத்ததில் இரண்டும் தொடை வரை போய்விட்டன. கேமராவில் கடைசிப் படம் 6.48 மணிக்கு எடுத்தது. எல்லாம் அதற்கடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில்.

பயம் உடனே வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தூரத்துப் பறவையைப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, அதன் முக்காலியான ட்ரைபாடோடு தோளில் வைத்திருந்தேன், அதை ஊன்றுகோலாக்கி எழும்பப் பார்த்தேன். மூன்று காலும் சேற்றுக்குள் வெண்ணெயில் கத்தி போல இறங்கின, ஸ்கோப் கவிழ்ந்து முகம் குப்புற விழுந்தது. அதை எட்டி எடுக்கக் குனிந்தபோது வலது முழங்காலுக்குள் ஏதோ பிசகியதை உணர்ந்தேன். அங்கேதான் பயம் தொடங்கியது. கத்தினேன். சுற்றிலும் ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. என் குரல் எதிர்க்கரையில் பட்டுத் திரும்பிவந்தது, கொசு உள்ளான்கள் மொத்தமாக எழும்பிச் சுற்றிவிட்டு இன்னும் தள்ளிப்போய் அமர்ந்தன.

ஏன் கால் வரவில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சேறு காலைப் பிடித்து உள்ளே இழுப்பதில்லை. காலை மேலே தூக்கும்போது பாதத்துக்குக் கீழே வெற்றிடம் உண்டாகிறது, கெட்டியான சேற்றுக்குள் தண்ணீரோ காற்றோ உடனே புகுந்து அந்த இடத்தை நிரப்ப முடிவதில்லை. 2005-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதைமணலை வைத்துச் சோதித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: புதைந்த பாதத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டுமானால், நடுத்தரக் கார் ஒன்றைத் தூக்கும் அளவு விசை தேவைப்படுமாம். அதே ஆய்வு ஆறுதலான ஒன்றையும் சொன்னது. புதைமணலின் அடர்த்தி மனித உடலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதனால் ஆள் முழுசாக மூழ்க மாட்டார், ஓர் அளவுக்கு மேல் உடல் மிதக்கத்தான் செய்யும். நீர்த்தேக்கச் சேறு புதைமணல் இல்லை என்றாலும், அதுவும் தண்ணீரைவிட அடர்த்தியானதுதான், காலைப் பிடித்துக்கொள்ளும் விதமும் இதேதான். இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் என் பாதிப் பயம் போயிருக்கும். ஆளைக் கொல்வது மூழ்குவதைவிடக் குளிர், களைப்பு, ஏறிவரும் தண்ணீர் இவைதான்.

தண்ணீரைப் பற்றிய பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும் மேல்பகுதியில் எங்கோ மழை பெய்திருந்தால் இங்கே மட்டம் ஏறும். முன்னால் கிடந்த ஒரு குச்சியைக் குறிவைத்து, தண்ணீர் விளிம்பு அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று ஏறவில்லை. கைபேசியை எடுத்தேன், விரலெல்லாம் சேறு. ஈரச்சேறு படிந்த திரையில் எண்ணை அழுத்தினால் வேறெங்கோ போனது. சட்டைக்கு உள்பக்கமாகத் துடைத்து ஒருவழியாக அழைத்தபோது என் இணைப்புக்குச் சிக்னல் இல்லை. சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் அங்கே இருந்தால் 112 போன்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போக வாய்ப்புண்டு. எனக்கு அது அப்போது நினைவுக்கே வரவில்லை. பதற்றத்தில் அக்கா எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்தி, எட்டரை மணிக்குள் சார்ஜை முழுசாகத் தீர்த்துவிட்டேன். இப்போது கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் ஆபத்துச் சைகை. கத்திக் கத்தித் தொண்டை போனபின் அதன் அருமை தெரிகிறது.

ஏழரையிலிருந்து ஒன்பது வரை எப்படிப் போனது என்று கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. கால்கள் முதலில் வலித்தன, பிறகு மரத்துப்போயின. ஈரமும் சேறும் உடம்புச் சூட்டைக் காற்றைவிட வேகமாக உறிஞ்சிவிடும். இடுப்புக்கு மேலே வெயில் படப்பட, இடுப்புக்குக் கீழே நடுக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அழுதேன். அம்மா ஞாபகம் வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் இந்த மாதிரி நேரத்தில் மனசு என்ன பாடுபடும் என்று முன்னாலேயே தெரிந்திருப்பதும் ஒரு தயாரிப்புதான்.

ஒன்பது மணிக்கு மேல் கத்தத் தெம்பில்லாமல் சும்மா நின்றேன். அசைவு நின்றதும் பறவைகள் திரும்பி வந்தன. முதலில் இரண்டு கொசு உள்ளான், அப்புறம் பத்து, அப்புறம் கூட்டமாக. எனக்கு நாலடி தூரத்தில் தையல் எந்திரத்தின் ஊசிபோலச் சேற்றைக் கொத்திக்கொண்டு போயின. பைனாகுலர் இல்லாமலே முதுகிறகின் ஒவ்வொரு விளிம்பும் தெரிந்தது, அழுக்குப்படாத வெள்ளை ஓரம், அந்த வருடத்துக் குஞ்சுகள். பிறகு அந்தப் பெரிய பறவையும் வந்தது. சுமார் இருபது அடியில் அலகை முழுசாகச் சேற்றுக்குள் விட்டுத் துழாவியது. முதுகெல்லாம் தெளிவான கோடுகள், கால் குட்டை, அலகு நுனி மேலே வளைந்தது. பட்டைவால் மூக்கனேதான், அதுவும் இளம்பறவை. 2022-ல் ஐந்து மாதமே ஆன இந்த இனத்துப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், பதினொரு நாள், எங்கும் இறங்காமல் பறந்ததை அதன் முதுகில் பொருத்திய கருவி பதிவு செய்தது. அந்த ஜாதியில் ஒன்று பசியோடு எனக்கு முன்னால் மேய்ந்துகொண்டிருந்தது. காலையில் நான் கிட்டே போகப் போக அது இரண்டு முறை எழும்பிப் பறந்திருந்தது. ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அது சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழிக்க வைக்கிறேன் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். அதற்கு முன் நெஞ்சில் உறைத்ததில்லை. கேமரா கழுத்தில்தான் இருந்தது. கையைத் தூக்க மனசு வரவில்லை.

பத்து மணி தாண்டி வலை எடுக்க ஒரு மீனவர் சிறு படகில் வந்தார். வயசானவர். விசிலுக்குப் பதிலாகச் சட்டையைக் கழற்றி ஆட்டினேன். பறவைகள் கிளம்பின, அவர் பார்த்துவிட்டார். ஆனால் ஐம்பது அடிக்கு மேல் கிட்டே வர முடியவில்லை, படகு தரைதட்டியது. இறங்கினால் அவரும் மாட்டிக்கொள்வார். "தம்பி, காலைப் பிடுங்காதீங்க! பின்னால சாய்ஞ்சு படுங்க, மெத்தையில படுக்கிற மாதிரி!" என்றார். "ஐயா, படுத்தா உள்ள போயிடுவேனே" என்றேன். "போக மாட்டீங்க. நின்னாதான் போவீங்க. பையைக் கழற்றி முதுகுக்கு அடியில போடுங்க" என்றார். நம்பிக்கை இல்லாமல்தான் சாய்ந்தேன். உடம்பு உண்மையிலேயே மேலே நின்றது. எடை பரவியதும் கால்மேல் இருந்த அழுத்தம் குறைந்தது. பிறகு ஒரு காலை மட்டும், மிக மெதுவாக, சின்னச் சின்ன வட்டமாக ஆட்டச் சொன்னார். அப்படி ஆட்டும்போது காலைச் சுற்றி இடைவெளி உண்டாகி அதில் தண்ணீர் கசிந்து இறங்கும், சேறு இளகும். ஒரு கால் வெளியே வர இருபது நிமிடம். இழுக்க வேண்டும்போல உடம்பு துடித்தது, அவர் ஒவ்வொரு முறையும் "அவசரமே இல்ல, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். வலது காலின் ரப்பர் பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டுப் பாதத்தை மட்டும் உருவினேன். பூட்ஸைக் காப்பாற்ற நினைத்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முழங்கால் வரை இறுக்கும் பூட்ஸ் சேற்றில் காலணி இல்லை, விலங்கு. இரண்டு காலும் வந்தபின் எழுந்து நிற்கவில்லை. வயிற்றால் ஊர்ந்து, பையை முன்னால் தள்ளித் தள்ளி, ஸ்கோப்பை இழுத்துக்கொண்டு, விரிசல் விட்ட தரைவரை வந்தேன். பதினொன்றே கால்.

அவர் சுற்றிக்கொண்டு வந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அணை கட்டுவதற்கு முன் ஓடை போன வழி அதுதானாம். ஓடை கொண்டுவரும் நுண்மண் வருடக்கணக்காக அந்தப் பள்ளத்தில் வந்து படிந்து ஆழமாகிவிட்டது. "பறவை நிக்கிறதைப் பார்த்து இறங்கிட்டீங்களா? அது எடை என்ன, உங்க எடை என்ன" என்று வருத்தத்தோடு கேட்டார். கொசு உள்ளான் முப்பது கிராம்கூட இருக்காது. நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதி, அதாவது ஓடைகள் வந்து சேரும் பக்கம், கரைப்பறவைகள் அதிகம் கூடும் இடம். சேறு ஆழமான இடமும் அதுவே. பழைய வரைபடத்தில் ஓடையின் தடம் எங்கே போகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் இறங்கவே கூடாது என்று தெரிந்துவிடும்.

இழந்த கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப் வாங்க ஒன்றரை மாதச் சம்பளம் ஆகியிருந்தது. அது சேற்றில் விழுந்ததற்குக்கூட ஆகாத கேடு, அதை நான் துடைத்த விதத்தில் ஆனது. வண்டிக்கு வந்ததும் ஆத்திரத்தில் சட்டையால் லென்ஸை அழுத்தித் துடைத்தேன். நுண்மண்ணில் கண்ணுக்குத் தெரியாத மணல்துகள் இருக்கும், அது மேல்பூச்சைக் கீறிவிட்டது. சேறு காய்வதற்குள் சுத்தமான தண்ணீரை ஊற்றி, தொடாமல் கழுவிவிட்டு, மிச்சத்தை ஊதித் தள்ளி, கடைசியில்தான் லென்ஸ் துணியை எடுக்க வேண்டும். நீர்புகாத வகை இல்லையென்றால் தண்ணீர்கூட ஊற்றாமல் ஈரத்துணியில் சுற்றிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது நல்லது. என்னுடையது நீர்புகாத வகைதான், கழுவியிருந்தால் பிழைத்திருக்கும். முன்லென்ஸ் மாற்ற ஸ்கோப் விலையில் பாதியைக் கேட்டார்கள், கொடுக்க முடியவில்லை. முழங்காலில் தசைநார் பிசகி ஆறு வாரம் பயிற்சிச் சிகிச்சை. எல்லாவற்றையும்விட, அந்த இலையுதிர் காலம் முழுக்கப் போய்விட்டது. அக்டோபரின் வலசை மொத்தத்தையும் ஜன்னல் வழியாகத்தான் கழித்தேன்.

இந்த வருடம் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் மறுபடி போனேன். முதல் நாள் வண்டியிலிருந்து இறங்கக் கால் வரவில்லை, கால்மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், புதர் ஒன்றுக்குப் பின்னால் மடிப்பு நாற்காலியைப் போட்டு, சேற்றுக்கு மேலே கெட்டித்தரையிலேயே இருந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு பொறி உள்ளான் ஒன்று மேய்ந்துகொண்டே பக்கத்தில் வந்தது, பின்னாலேயே பேதை உள்ளான் இரண்டு. வெயில் ஏறிக் கானல் நடுங்க ஆரம்பிக்கும்வரை, ஒன்பதரை வரை, எழுந்திருக்கவே இல்லை. அந்த மீனவரும் நானும் சேர்ந்து, விரிசல் முடியும் கோட்டில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழிகளை நட்டிருக்கிறோம். தண்ணீர் இறங்க இறங்க அவர் கழிகளைத் தள்ளித் தள்ளி நடுகிறார். என் வலதுகால் பூட்ஸ் இன்னும் வெளியே வரவில்லை.